‘உஸ்’ என்று போன கேஸ்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுற்றுச்சூழல் என்று பேச ஆரம்பித்தாலே மரம் நடுங்கள், துணிப்பை எடுத்துப் போங்கள் என்று முடித்துவிடுகிறோம். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போன மாதம் எங்கள் வீட்டு ஏசியைக் கழற்றி வேறு அறையில் மாட்ட வந்த மெக்கானிக், வெளி யூனிட்டில் ஸ்பேனரைப் போட்டு நட்டைத் தளர்த்தினார், ‘உஸ்ஸ்’ என்று சத்தம், செம்புக் குழாயின் நுனியில் வெள்ளையாகப் பனி படிந்தது, உள்ளே இருந்த கேஸ் மொத்தமும் காற்றில் போயாச்சு. என்னங்க இது என்றேன். "புதுசா ஃபில் பண்ணிக்கலாம் சார்" என்றார்.

யூனிட்டின் ஸ்டிக்கரைப் பார்த்தேன், அறையைக் குளிர வைக்கிற அந்தக் கேஸின் பெயர் ஆர்-410ஏ, சுமார் ஒரு கிலோ. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த ஒரு கிலோ, ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இதற்கு நான் எத்தனை மரக்கன்று நடுவது?

வேதனை என்னவென்றால், இதே துறையில்தான் உலகம் ஒருமுறை உருப்படியாக ஒரு காரியம் செய்தது. ஃபிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைத் தின்கின்றன என்று 1974-லேயே விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை தெரிந்தது, அடுத்த இரண்டே வருடத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தம். பிற்பாடு எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. அண்டார்டிகாவுக்கு மேலே 2066 வாக்கில் ஓசோன் 1980-ன் நிலைக்குத் திரும்பிவிடும் என்பது ஐ.நா. மதிப்பீடு. ஸ்பிரே வாங்காதே என்று ஆளாளுக்குச் சொன்னது மட்டும் போதவில்லை, தயாரிப்பையே நிறுத்த வைத்தார்கள். ஆனால் மாற்றாக வந்த வாயுக்கள் (எங்கள் ஏசியில் இருந்ததும் இந்த வகைதான்) ஓசோனை விட்டுவிட்டு வெப்பத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றைக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு திருத்தம் போட்டார்கள். சரி, அது இனிமேல் தயாரிப்பதற்கு. ஏற்கெனவே சுவர்களில் தொங்குகிற பெட்டிகளுக்குள் இருப்பதை என்ன செய்வது?

வழி இருக்கிறது, பெரிய விஞ்ஞானம் எல்லாம் இல்லை. ஓடுகிற ஏசியைக் கழற்றும் முன் ஒரு வால்வை மூடிவிட்டுக் கம்ப்ரசரைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் கேஸ் வெளி யூனிட்டுக்குள்ளேயே போய் அடங்கிவிடும், அப்புறம் அடுத்த வால்வையும் மூட வேண்டியதுதான். பம்ப் டவுன் என்பார்கள். சில நிமிட வேலை. கம்ப்ரசர் ஓடாத பழைய பெட்டி என்றால் கேஸை உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்கத் தனி மெஷினே உண்டு. இன்னொன்று, ஏசி கேஸைக் குடித்துத் தீர்ப்பதில்லை, குறைகிறது என்றால் எங்கோ லீக். அதை அடைக்காமல் வருடா வருடம் ஃபில் பண்ணுவது, தவணை முறையில் காற்றில் விடுவதுதான்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பிடித்த கேஸை எங்கே கொடுப்பது, யார் காசு தருவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விற்கிற கம்பெனிகளே அதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும். சர்வீஸ் பில்லில் எத்தனை கிராம் கேஸ் எடுத்தார்கள், எத்தனை கிராம் போட்டார்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் ‘கேஸ் சார்ஜிங்’ என்று மட்டும்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்