கொள்ளிடம் படுகையில் வெள்ளக் காலத்தில் கால்நடைகளைக் காக்க மேடு அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
கொள்ளிடம் படுகைக் கிராமம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: வெள்ளத்தின்போது மாடுகளைக் கட்ட உயர்மேடு கோருதல் தொடர்பாக.

பார்வை: குறைதீர் நாளிலும் ஜமாபந்தியிலும் நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கொள்ளிடக் கரைக்கு உட்புறம், ஆற்றோடு ஆறாக இருக்கும் எங்கள் படுகை ஊரைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். மேட்டூர் அணை 120 அடியும் நிறைந்து, முக்கொம்பு மேலணையில் உபரிநீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டால், அணைக்கரைக் கீழணையைத் தாண்டி வரும் தண்ணீர் எங்கள் தெருவில்தான் ஏறும். 2018, 2022, 2024 வெள்ளங்கள் தங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருக்கும். 2022இல் வடிந்த தண்ணீர் திரும்பத் திரும்ப வந்தது. முந்தைய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஆகவே மீண்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. ஆற்றைத் தடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வெள்ளம் விட்டுப்போகும் வண்டலில்தான் எங்கள் கத்தரியும் வெண்டையும் மல்லிகையும் விளைகின்றன. தாழ்வான பகுதியில் இனி வீடு கட்டுவதில்லை என்று கிராமசபையில் தீர்மானமும் போட்டிருக்கிறோம்.

2. எச்சரிக்கை வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்று ஒலிபெருக்கியில் சொன்னால், எந்த வீட்டுக்கு எத்தனை அடி தண்ணீர் வரும் என்பது யாருக்கும் விளங்குவதில்லை. பழைய வெள்ளத் தடங்களைக் கோயில் மதிலிலும் மின்கம்பங்களிலும் நாங்களே குறித்து வைத்திருக்கிறோம். அணைக்கரையில் திறக்கும் அளவை அந்தக் குறிகளோடு பொருத்தித் தர ஒரு பொறியாளரை அனுப்பினால் போதும். இரவு பகல் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பிள்ளைகள் தயார்.

3. மாடுகள். இதைச் சொல்லத்தான் இந்த மனு. ஆட்களை ஏற்றப் படகு வருகிறது, பள்ளிக்கூடத்தில் முகாம் இருக்கிறது, சாப்பாடு போடுகிறார்கள். அதற்கு நன்றி. மாட்டுக்கு எதுவுமே இல்லை. முழங்கால் தண்ணீரிலேயே ஓட்டி வந்துவிட்டாலும் கரைச் சாலையில்தான் கட்ட வேண்டும். ஒரு பக்கம் லாரி போகும், மறுபக்கம் ஆறு. வைக்கோல் போர் வெள்ளத்தோடு போய்விடும். நாலைந்து நாள் பட்டினி கிடந்த கறவை மாடு அந்த ஈற்றில் பிறகு பழையபடி கறப்பதில்லை. அவ்வளவு தூரம் ஓட்டிவர முடியாத சினைமாட்டை, நேற்றுப் பிறந்த கன்றை என்ன செய்வது? அதற்காகவே வீட்டுக்கு ஒருவர் பின்தங்கிவிடுகிறார், பெரும்பாலும் பெண்கள். முகாமுக்கு வந்தவர்களும் தீவனம் போடக் கழுத்தளவுத் தண்ணீரில் திரும்பிப் போகிறார்கள். இந்த ஆற்றில் முதலை உண்டு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சொன்னால் கேட்காமல் உள்ளேயே கிடக்கிறார்கள் என்று வரும் அலுவலர்கள் எங்களைக் கடிந்துகொள்கிறார்கள். ஐயா, மாட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு யாரால் வர முடியும்?

4. கரையை ஒட்டிய பொது இடத்தில், பழைய வெள்ளக் குறிகளுக்கு மேலே நிற்கும் உயரத்தில் ஒரு மண்மேடு வேண்டும். மாடு ஏறச் சரிவுப் பாதை, தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, ஒரு வாரத் தீவனம் வைக்கப் பரண், இவ்வளவுதான். நீரோட்டத்தை மறிக்காத இடத்தை நீர்வளத்துறையே காட்டட்டும். ஊரக வேலைத் திட்டத்தில் வெள்ளத் தடுப்புப் பணிக்கு இடமுண்டு, மண் சுமக்க நாங்கள் இருக்கிறோம். சரிவு அரிக்காமல் வெட்டிவேர் வைத்துப் பராமரிப்பதும் எங்கள் பொறுப்பு. இதற்கு மேல் நாங்கள் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்!

5. இறந்த கறவை மாட்டுக்கு ரூ.37,500 நிவாரணம் என்கிறார்கள். அதற்கு மருத்துவர் சான்று வேண்டுமாம், சான்றுக்கு மாட்டின் உடல் வேண்டுமாம். கடலுக்கு அடித்துப்போன மாட்டை எங்கே போய்த் தேடுவது? காது வில்லை எண் இருக்கிறது, பால் சொசைட்டிக் கணக்கு இருக்கிறது. அதை ஆதாரமாக ஏற்க உத்தரவிடுங்கள். கேட்டால் அடுத்த மேசைக்குப் போகச் சொல்கிறார்கள். போனால் அங்கிருந்து பழைய மேசைக்கே அனுப்புகிறார்கள்.

6. மேடு வேண்டும் ஐயா.

ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு கணக்கெடுக்க வருகிறீர்கள். பயிருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று எழுதிப்போகிறீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கை வெள்ளத்துக்கு முன்னால் செலவழிக்கக் கூடாதா? ஆடியில் தண்ணீர் வந்துவிடும். மண்வேலை கோடையில்தான் நடக்கும். சித்திரைக்குள் இடத்தைப் பார்வையிட்டு, எங்கள் மாடுகளுக்கு ஒரு மேடு அமைக்க உத்தரவிடுமாறு தங்களை மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கிராமசபைத் தீர்மான நகல், வெள்ளக் குறிகளின் படங்கள், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள்.