உன் வேன் பிழைத்துவிட்டது

லிந்துலை,
ஞாயிறு மாலை

அன்பு மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது, நீ அனுப்பிய தைலமும் தீர்ந்துவிட்டது. மகள் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறாள். தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் பேசினால் நீ பஸ்ஸில் நிற்கிறாய், இல்லாவிட்டால் எனக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் வேனைப் பற்றி.

"இன்னுமா அந்த லைட்ஏஸை வச்சிருக்கே? வித்துத் தொலைடா" என்று போன மாதம் சொன்னாயே. நான் பேச்சை மாற்றிவிட்டேன். அன்றைக்குக் காலையில்தான் கராஜில் ஒரு மெக்கானிக் பாஸ், எஞ்சின் ஹெட் போய்விட்டது, கழற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். உன் அப்பா கைபட்ட வேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

தை மாதத்திலிருந்தே தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. இரண்டு நாளைக்கு ஒரு லீட்டர். காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் சீட்டைத் தூக்கித் தண்ணீர் பார்ப்பது உன் அப்பா பழக்கிய பழக்கம், அதனால்தான் உடனே தெரிந்தது. ராத்திரி வேனுக்கு அடியில் பழைய வீரகேசரி பேப்பரை விரித்து வைத்தேன். விடிந்து பார்த்தால் ஓர் ஓரத்தில் மட்டும் நாணயம் அளவுக்கு ஈரம். கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. புதுக் கிளிப் போட்டேன், பேப்பர் காய்ந்தே கிடந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் தண்ணீர் அதே மாதிரி குறைந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை, மேலே ஒரு லீட்டர் இல்லை. எங்கே போகிறது என்று தெரியாமல் ராத்திரியில் தூக்கமே வரவில்லை.

அதற்குள் நானுஓயா ஏற்றத்தில் அது நடந்துவிட்டது. உள்ளே 11 பிள்ளைகள், நுவரெலியா ஸ்கூலுக்கு. சூட்டு முள் நடுவில் நின்றது, அடுத்த வளைவுக்குள் சிவப்பில் நின்றது. ஓரங்கட்டினேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி குப்பென்று வந்தது. பிள்ளைகளை இறக்கி, ரோட்டுப் பக்கம் வராமல் தேயிலை ஓரமாக வரிசையாக நிற்கவைத்தேன். எங்கிருந்தோ ஒரு தம்பி துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, உதவி செய்கிறேன் என்று ரேடியேட்டர் மூடியைத் திறக்க வந்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், விடவே இல்லை. கொட்டகலையில் உன் அண்ணனின் கை வெந்த அன்று நாம் இரண்டு பேரும் பக்கத்தில்தானே நின்றோம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். அப்புறம் பீலியில் பிடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஊர்ந்து போனோம். பிள்ளைகளுக்கு முதல் பாடம் போய்விட்டது.

இந்த வேனின் 2சி டீசல் எஞ்சினைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. வேறு எதையும் தாங்கும், சூட்டை மட்டும் தாங்காது. ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் ஹெட்டில் விரிசல் விழுந்துவிடலாம். அதனால் கராஜில் அப்படிச் சொன்னபோது நம்பத்தான் தோன்றியது. ஆனால் மனசு ஒப்பவில்லை. ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன், கறுப்பாகவே இருந்தது, பால் தேத்தண்ணி நிறம் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. மூடியைத் திறந்து வைத்து, ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், தண்ணீரில் குமிழி வரவில்லை. ஹெட்டோ அதற்கு அடியிலுள்ள கேஸ்கட்டோ போயிருந்தால் பெரும்பாலும் இதில் ஒன்றாவது காட்டிக்கொடுக்கும். வேனைக் கராஜிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே மெக்கானிக் டைனமோவிடம் போய்விட்டேன்.

ஆமாம், நம்ம டைனமோதான். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. உன்னைக் கேட்டான். வத்தளைக்குப் போனவன் ஏன் வாயையே திறப்பதில்லை என்று கேட்கச் சொன்னான்.

முதலில் அவன் பார்த்தது மூடியை. சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்று, மேலே ஒரு மீற்றர். மூடியில் 0.9 என்று அடித்திருக்கும் இல்லையா, அந்த அழுத்தத்தை அது பிடிக்க வேண்டும். இது பாதியிலேயே விட்டுவிட்டது. ரப்பர் வட்டம் கல் மாதிரி இறுகியிருந்தது. "நுவரெலியாவுக்கு ஏத்துற வண்டிக்கு இந்த மூடியாடா?" என்று ஏசினான். யோசித்துப் பார். உன் அம்மா நுவரெலியாவில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று புலம்புவார்களே, அதே கணக்குத்தான். அங்கே 1868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சின் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டட் திறப்பதே 82இல். மூடி அழுத்தம் பிடித்தால் 115 பாகை வரைக்கும் கொதிக்காமல் நிற்கும். பிடிக்காவிட்டால் இடையில் வெறும் 12 பாகை. கொழும்பில் ஓடும் வண்டி இந்த மூடியோடு எப்படியோ சமாளித்திருக்கும், நம் மலையில் முடியாது. இத்தனை வருஷம் ஓட்டியும் இதை நான் இந்தக் கணக்கில் யோசித்ததே இல்லை.

ஆனால் மூடி மட்டும்தான் காரணம் என்றால், ஓட்டாத நாளிலும் ஏன் குறைகிறது? அதே பம்பை ரேடியேட்டரின் வாயில் பொருத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே 0.9 வரை ஏற்றினான். பத்து நிமிஷம் முள்ளையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தோம். 0.6க்கு இறங்கிவிட்டது. டோர்ச் அடித்துத் தேடினோம். வாட்டர் பம்ப் கசிந்தால் காட்டிக்கொடுக்கும் கீழ்ச் சின்ன ஓட்டை காய்ந்து கிடந்தது. ஹோஸ் ஒவ்வொன்றையும் தடவினோம், எஞ்சின் பக்கவாட்டில் தண்ணீரை அடைத்திருக்கும் பிளக்குகளையும் பார்த்தோம். எங்கேயும் ஈரம் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்தப் பிள்ளையின் ஞாபகம் வந்தது. பின் சீட்டில் உட்காரும் மூன்றாம் வகுப்புச் சின்னவள். இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மாமா, பின்னால பாணி காய்ச்சுற வாசம் வருது." மழையில் ஜன்னல் மூடியிருக்கும்போது கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் பனி படிகிறது என்றும் சொன்னாள். யாரோ பையில் இனிப்புக் கித்துள் பாணி கொண்டுவருகிறார்கள் என்று விட்டுவிட்டேன். டைனமோவிடம் இதைச் சொன்னேன். அவன் டோர்ச்சை அணைத்துவிட்டு என்னையே பார்த்தான். "பின் ஹீட்டர்" என்றான்.

மச்சான், அந்த வேனுக்குப் பின்னாலும் ஒரு ஹீட்டர் இருப்பது உனக்குத் தெரியுமா? ஜப்பான் குளிருக்காக வைத்தது. எஞ்சினிலிருந்து இரண்டு இரும்புக் குழாய்கள் தரைக்கு அடியில் பின்னால் போகின்றன, சீட்டுக்குக் கீழே சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி. நாம் ஒரு நாளும் அதைப் போட்டதில்லை, ஆனால் சுடுதண்ணீர் இத்தனை வருஷமும் அதற்குள் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ரப்பர் விரிப்பைத் தூக்கினோம். அடியில் இருந்த கம்பளி நனைந்து பச்சையாக ஊறிக் கிடந்தது, அழுத்தினால் விரல் இடுக்கில் பச்சைத் தண்ணீர். பெட்டியின் ஒரு மூலையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. அதற்கு நடுவே ஊசி முனை அளவுக்கு ஒரு ஈரப்புள்ளி. பம்பை இன்னொரு தடவை அடித்ததும் அந்தப் புள்ளி மெதுவாக உருண்டு திரண்டது, நடுங்கியது, விழுந்தது. இரண்டு மாதத் தூக்கம் அந்த ஒரு சொட்டில்தான் போயிருக்கிறது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. முன்னால் குழாய் பிரியும் இடத்தில் வெட்டி, போகிற வாயையும் வருகிற வாயையும் ஒரு வளைந்த ஹோஸால் இணைத்துவிட்டோம். பின் ஹீட்டரைக் கழற்றியாகிவிட்டது. பழைய தண்ணீரைப் பேசினில் பிடித்து மூடி வைத்தேன். கூலன்ட் கலந்திருப்பதால் அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். பீலித் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து பச்சை நிறம் துருவாக மாறியிருந்தது, இரண்டு தடவை கழுவினோம். பிறகு கூலன்ட் பாதி, பெட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில் வாட்டர் பாதி. காற்று வெளியேற வண்டியின் முகம் மேடு பார்த்து நிற்க வேண்டும் என்றான். லிந்துலையில் அதற்கு இடம் தேடவா வேண்டும்! முன் ஹீட்டரைச் சூட்டில் போட்டு, தெர்மோஸ்டட் திறக்கும்வரை மூடி இல்லாமல் ஓடவிட்டோம். கொப்பளம் கொப்பளமாகக் காற்று வந்தது. வரவர ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் புது மூடி. பம்பை வைத்தால் முள் அசையவில்லை.

மூன்று கிழமை ஆகிறது. நானுஓயா ஏற்றத்தில் முள் நடுவிலேயே நிற்கிறது. கம்பளியை வெட்டி எறிந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் இத்தனை நாள் அந்த ஆவியைத்தானே சுவாசித்தார்கள் என்பது மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. சின்னவளின் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்கு இருமல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்றார்கள். இனி பின்சீட்டில் யார் என்ன சொன்னாலும் அன்றைக்கே வண்டியை நிறுத்திப் பார்ப்பேன்.

விற்கச் சொல்கிறாய். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் திறந்தார்கள், ஆனால் அந்த வரிக்குப் புது வேன் எனக்கு எட்டுமா? எட்டினாலும் விற்கமாட்டேன். 2022இல் டீசல் வரிசையில் இரண்டு ராத்திரி அதற்குள்தானே படுத்துக்கிடந்தோம்.

இப்போது உனக்கு ஒரு வேலை. சனிக்கிழமை பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைப் பக்கம் போனால் 2சி எஞ்சினுக்குக் கீழ் ஹோஸ் ஒன்று பார். பழையதை அமுக்கினால் உள்ளே நொறுங்குகிற மாதிரி இருக்கிறது. தாளில் வளைவை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், அளவு சரியாக இருக்கிறதா என்று கடையில் வைத்துப் பார்த்து வாங்கு. 82 பாகை தெர்மோஸ்டட்டும் ஒன்று. ஹட்டன் வழியாக வரும் நுவரெலியா பஸ்ஸில் கொடுத்துவிட்டால் நான் தலவாக்கலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன். காசை மகளின் போனிலிருந்து அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். டைனமோவுக்கு ஒரு போன் பண்ணு.

உன்,
மச்சான்