அட்டவணையில் விடுபட்ட ஒன்று

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வெழுதும் மாணவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட கால அட்டவணையைப் பார்த்தேன். காலையில் இத்தனை மணி, மாலையில் இத்தனை மணி என்று கச்சிதமாகப் பிரித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது என்ன என்ற கட்டத்தில் 'படிக்கவும்' என்று மட்டுமே இருக்கிறது. பலர் வழுக்கி விழுவது அங்கேதான்.

படிப்பது என்றாலே திரும்பத் திரும்ப வாசிப்பது என்று நினைக்கிறோம். மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய்ச் சரளமாக ஓடும். எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது வேறு. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் ஒரு பகுதியை வாசித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வு வாசித்துவிட்டு, மூன்று அமர்வுகளில் பார்க்காமல் எழுதியது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுவே முந்தியது: நினைவில் இருந்தது 83க்கு 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 40க்கு 61. தேர்வுக்கு முதல் நாள் இரவு விழுந்து விழுந்து படிப்பவர்களை ஏமாற்றுவது அந்த 83தான்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் சுகமாக இருக்காது. இரண்டு மூன்று பக்கம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவுக்கு வந்ததை எல்லாம் 10 நிமிடம் எழுத வேண்டும். வரவில்லை என்றால் உடனே புரட்டக் கூடாது. ஒரு நிமிடமாவது யோசித்துத் திணற வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். இந்தத் திருத்தும் வேலையைத் தவிர்த்தால் தவறே மனதில் பதிந்துவிடும். மனதுக்குள் சொல்லிப் பார்த்து, பாதியிலேயே "ம், தெரியும்" என்று தாண்டுவதும் கணக்கில் சேராது. மறுநாள் முதலில் பார்க்க வேண்டியது அந்த வேறு நிற வரிகளை.

இடைவெளி விட்டுத் திரும்புவதும் அதே அளவு முக்கியம். கற்றது எவ்வளவு வேகமாக நழுவுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே அளந்து காட்டிவிட்டார். தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தால், இன்று படித்ததை நாளை, நான்காம் நாள், பத்தாம் நாள், பிறகு தேர்வுக்குச் சில நாள் முன்பு என்று நான்கு முறை மூடி எழுதினால் போதும். சுற்றுக்குச் சுற்று நேரம் குறையும்.

கணக்கில் வேறொரு பொறி இருக்கிறது. வட்டி பற்றிய பாடத்தின் கீழ் 15 பயிற்சிக் கணக்குகள் இருந்தால், எந்தச் சூத்திரம் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. சூத்திரத்தைப் போடத் தெரிந்தவர்களும் எதைப் போடுவது என்று விழிப்பது இதனால்தான். மூன்று நான்கு பாடங்களிலிருந்து நான்கு நான்கு கணக்குகள் எடுத்துக் கலைத்துப் போடுங்கள். எடுத்துக்காட்டுக் கணக்குகளையும் விடையை மறைத்துக்கொண்டுதான் போட வேண்டும்.

பழைய வினாத்தாள்களை முழு நேரம் வைத்து எழுதிவிட்டு, இழந்த மதிப்பெண்களை மூன்றாகப் பிரிக்கலாம்: தெரியாதது, தெரிந்தும் நினைவுக்கு வராதது, கேள்வியைத் தப்பாக வாசித்தது. முதலாவதற்கு மீண்டும் புத்தகம். இரண்டாவதற்கு மூடி எழுதுவது. மூன்றாவதற்கு எவ்வளவு படித்தாலும் பயனில்லை. கேள்வியில் 'எவை', 'தவிர', 'இரண்டு மட்டும்' போன்ற சொற்களின் கீழ் கோடிடும் பழக்கம்தான் வேண்டும். (பாடப்புத்தகத்தில் பக்கம் முழுக்க மஞ்சள் பூசுவதைவிட இந்தக் கோடு பயன்தரும்.)

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திட்டும் முன், முன்னால் தாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த முறை அட்டவணை வெளியிடும்போது, 'படிக்கவும்' என்ற கட்டங்களில் பாதியையாவது 'மூடிவிட்டு எழுதவும்' என்று மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்