டெல்டாவில் எந்தத் தொழிலுக்குப் பயிற்சி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டா மாவட்டங்களில் கிராமப்புற இளைஞர்களுக்கான இலவசத் தொழிற்பயிற்சித் திட்டங்களுக்குக் குறைவில்லை. மாவட்டந்தோறும் வங்கியின் பொறுப்பில் இயங்கும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் உணவும் தங்குமிடமும் தந்து கற்றுக்கொடுப்பதுடன், பயிற்சி முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து வழிகாட்டவும் கடமைப்பட்டவை. 1982-ஆம் ஆண்டு கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கப்பட்ட ஒரு நல்ல முயற்சிதான் இவை அனைத்துக்கும் முன்மாதிரி. அந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்யும்போது, டெல்டாவில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்பதை யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை என்பதே என் ஆதங்கம்.

எங்கள் வட்டாரத்தில் பயிற்சி என்றாலே தையல், அழகுக்கலை, கணினி ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே தெருவில் நான்கு பேர் தையல் கற்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நால்வருக்கும் வேலை இருக்கும். மற்ற மாதங்களில் ஒருவருக்கே போதாது. அதே ஊரில், சம்பாப் பயிர் தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரத்தில் மோட்டார் எரிந்துபோனால் பார்க்க ஆள் இல்லை. மின்னழுத்தக் குறைவாலோ மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வராமல் ஓடியதாலோ உள்ளே கம்பிச்சுருள் கருகிய மோட்டாரைக் கழற்றி, சரக்கு ஆட்டோவில் ஏற்றி, மன்னார்குடிக்கோ கும்பகோணத்துக்கோ கொண்டுபோகிறோம். அங்கே கருகிய கம்பியை வெட்டியெடுத்து, கம்பி செல்லும் பள்ளங்களில் காப்புத் தாள் செருகி, சுற்றுகளின் எண்ணிக்கை பிசகாமல் புதிய செப்புக் கம்பியைக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருவதற்குள், கடையில் வேலை நெருக்கடி இருந்தால் இரண்டு மூன்று நாள் ஓடிவிடுகிறது. வயலும் வெடிப்பு விடத் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு முடித்த ஓர் இளைஞர் முறையாகக் கற்று, நல்ல மேஸ்திரி ஒருவரிடம் சில காலம் கைபழகினால் செய்யக்கூடிய வேலைதான் இது.

அறுவடை இயந்திரங்களின் கதையும் இதுதான். சேற்று வயலில் இறங்கும் பெல்ட் வகை இயந்திரங்கள் பெரும்பாலும் வெளிமாவட்டங்களிலிருந்து வருகின்றன. ஓட்டுநரும் மெக்கானிக்கும் அவற்றோடு வந்து அவற்றோடு போகிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று நாம் கொடுக்கும் வாடகையில் உள்ளூர் இளைஞருக்குச் சேருவது சொற்பமே. நாற்று நடும் இயந்திரம், களையெடுக்கும் கருவி, விசைத்தெளிப்பான் ஆகியவற்றைப் பழுதுபார்க்கவும் ஆளைத் தேடித்தான் அலைகிறோம்.

கற்றபின் கடை வைப்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 விழுக்காடும், பெண்கள், பட்டியலினத்தவர் உள்ளிட்டோருக்கு 35 விழுக்காடும் மானியம் உண்டு. ஆனால் அந்தத் தொகை கையில் கிடைப்பதில்லை. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழிக்கப்படும். இதைப் பலர் கடன் வாங்கிய பிறகே அறிகிறார்கள். குறுந்தொழில்களுக்குக் குறிப்பிட்ட தொகை வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதியும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படுவதில்லை. மேலும், இயந்திரத்துக்கான பணம் விற்பனையாளருக்கு நேரே போய்விடுவதால், செப்புக் கம்பியும் பேரிங்கும் வாங்கிவைக்கக் கையில் காசு இருப்பதில்லை. எங்களைப் போன்ற விவசாயிகளோ, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வந்த பிறகுதான் பழைய பாக்கியைக் கொடுக்கிறோம். கார்த்திகையில் பார்த்த வேலைக்கு மாசியில் கூலி வந்தால் புதிதாகக் கடை வைத்தவர் எப்படித் தாக்குப்பிடிப்பார்? கடனில் பொருள் வாங்குவது போன்ற அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனப் பகுதியையும் திருப்பிச் செலுத்தும் தவணையையும் இந்த அறுவடைக் கணக்கை வைத்தே வகுக்க வேண்டும்.

சான்றிதழ் வழங்கும் நாளில் மேடை நிறைய அதிகாரிகளைப் பார்க்க முடிகிறது. ஓராண்டு கழித்து அந்தக் கடை திறந்திருக்கிறதா என்று பார்க்க வருபவர்கள் அரிது. அந்த இரண்டு ஆண்டு வழிகாட்டல் ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க, பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே தொழிலில் இருக்கிறார்கள் என்ற விவரத்தை ஊராட்சிவாரியாக, பெயர் குறிப்பிடாமலேனும் வெளியிடலாம்.

மே 1, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபைகளில், எந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் வருகிறார், அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று மக்களிடம் கேட்டுப் பதிவு செய்து, அடுத்த ஆண்டின் பயிற்சிப் பட்டியலை அதிலிருந்து தயாரிக்குமாறு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்புகளைச் சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் வைக்காமல், சித்திரை, வைகாசியில் வைத்தால் வயல் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் கூலியை இழக்காமல் வந்து சேர முடியும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.