அரண்மனைக் கவிதையும் அச்சுக்குப் போகிறது, அண்ணா

அன்புள்ள அண்ணா,

நாம் தமிழாக்கிய வாங் வெய் கவிதைத் தொகுப்பை அச்சுக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்துவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்ற அந்தக் கவிதையும் அதில் இருக்கும். போனில் சொன்னால் மறுபடி சண்டையாகும். நம்மைத் தெரிந்தவர்களும் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

எட்டாம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் வாங் வெய் என்றால் உங்களுக்கு மலையும் மூங்கில் காடும்தான். தன் மலைப் பண்ணையைப் பற்றி அவர் எழுதிய வாங்சுவான் கவிதைகள் இருபதையும் நீங்கள் தமிழுக்குக் கொண்டுவந்ததைப் போல என்னால் ஏழு ஜென்மத்திலும் முடியாது. ஆனால் அந்த மனிதர் சம்பளம் வாங்கிய அதிகாரி, அண்ணா. இருட்டிலேயே எழுந்து வரிசையில் நின்றவர். தாமிங் அரண்மனையின் காலைச் சபையைப் பற்றி சக அதிகாரி ஜியா ஜி ஒரு கவிதை எழுத, அதற்கு இணையாக இவர் எழுதியதில் எல்லாம் இருக்கிறது: சிவப்புத் தலைப்பாகைக்காரன் விடிந்துவிட்டது என்று அறிவிக்கிறான்; உடைப் பொறுப்பாளர் அப்போதுதான் அரசரின் மேலங்கியை எடுத்துவருகிறார்; தூபப் புகை டிராகன் அங்கியை ஒட்டி மிதக்கிறது. "ஜால்ரா" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்கள்.

எழுதிய ஆண்டு 758. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் தலைநகர் சாங்ஆன், கலகத் தளபதி ஆன் லூஷானின் படையிடம் விழுந்தது. இவர் மருந்து குடித்து நோயாளிபோல் நடித்தும் விடவில்லை, கலகக்காரர்களின் தலைநகரான லுவோயாங்குக்கு இழுத்துப்போய்ப் பதவியைத் தலையில் கட்டினார்கள். அங்கே அவர்கள் வைத்த நிங்பி குளக்கரை விருந்தில் இசைக்கலைஞர் லெய் ஹாய்ச்சிங் வாத்தியத்தைத் தரையில் வீசி அழுதார், கொன்றுவிட்டார்கள். கோயிலில் அடைபட்டிருந்த வாங் வெய்யிடம் நண்பர் பெய் டி வந்து இதைச் சொல்ல, வாங் வெய் வாயாலேயே நான்கு வரிக் கவிதை சொன்னார். அதில் ஒரு வரி, அதிகாரிகள் மறுபடி எந்நாள் சபைக்குப் போவார்கள் என்று கேட்கிறது. அதற்குப் பதில்தான் அந்த "ஜால்ரா" என்பது என் கட்சி. பதிலை எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் அச்சடிக்கச் சொல்கிறீர்கள்.

"நீயும் சம்பளக்காரன், உனக்கு அவரைப் பிடிக்கத்தான் செய்யும்." அன்று ராத்திரி நீங்கள் சொன்னது இதுதான். பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, போனைக் காதிலிருந்து எடுக்காமல் பால்கனிக்குப் போனேன். நீங்கள் அடுத்து என்ன பேசினீர்கள் என்றே தெரியாது. "ம்" கொட்டிக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்தில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் ராஜினாமா செய்தீர்கள், நான் செய்யவில்லை. படிக்கிறவர்களுக்கு இது போதும். மன்னிப்புக் கேள் என்றால் கேட்கிறேன், கூடவே வீட்டுக் கடனையும் அப்பாவின் டயாலிசிஸையும் சொல்லித்தான் கேட்க முடியும். அப்பா படுத்திருந்தபோது எத்தனை ராத்திரி வராண்டாவில் பாய் விரித்துப் படுத்தீர்கள்! அந்த அண்ணன்தான் "நீயும் சம்பளக்காரன்" என்றும் சொன்னார் என்பதை என்னால் இன்னும் சேர்த்துவைத்துப் பார்க்க முடியவில்லை.

கலகக்காரர்களிடம் பதவி வகித்த குற்றம் மன்னிக்கப்பட்ட பிறகு வாங் வெய் அரசருக்கு எழுதிய விண்ணப்பம் நினைவிருக்கிறதா? பழைய அரசர் தப்பியோடியபோது கூடப் போகவும் முடியவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளவும் முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். அவரைக் காப்பாற்றியது அந்த நான்கு வரி மட்டுமில்லை. என் பதவியைக் குறைத்துக்கொண்டு அண்ணனை விடுங்கள் என்று தம்பி வாங் ஜின் போய் நின்றார். எதிரியின் பிடியிலிருந்து தப்பி அரசரிடம் போய்ச்சேர்ந்த கவிஞர் தூ ஃபூகூட, தப்பாத இவருக்காகப் பரிந்து கவிதை எழுதினார். தப்பியவர் தப்பாதவரைக் குத்திக்காட்டவில்லை, அண்ணா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அட்டையில் உங்கள் பெயர்தான் முதலில் இருக்கும். முன்னுரையில் "அரசவைக் கவிதைகளைத் தவிர்த்திருக்கிறோம்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை நீங்கள் எடுக்கிறீர்களா, நான் எடுக்கட்டுமா? பெயரே வேண்டாம் என்றால் அதையும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், அச்சகத்தில் காத்திருக்கிறார்கள்.

உங்கள் தம்பி