அக்கா, அன்றிரவு டியூப் உடையவில்லை

அக்கா,

காதுகுத்துப் பத்திரிகை போன வாரம் வந்து சேர்ந்தது. தாய்மாமன் என்று என் பெயர் போட்டிருக்கிறது. நீயே சொல்லித்தான் போட்டார்கள் என்று அம்மா சொன்னாள். வருகிறேன். ஆனால் சின்னவளை மடியில் வாங்கிக்கொள்வதற்கு முன் உனக்குத் தெரியவேண்டியது ஒன்று இருக்கிறது. 6 வருடமாக எனக்குள்ளேயே வைத்திருந்துவிட்டேன். அதைச் சொல்லாமல் அந்த மணையில் உட்கார மனம் ஒப்பவில்லை.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். உன் மகனின் காரியத்தன்று பந்தலில் அத்தனை பேர் நடுவில் நீ சொன்னாய்: "என் தம்பி டியூபக் கீழ போட்டு ஒடச்சுட்டான், அதுலதான் நேரம் போச்சு." இன்றுவரை ஊரில் அதுதான் பேச்சு. ஊரறியச் சொன்னதற்கு ஊரறியத்தான் பதில் சொல்வேன் என்று எனக்குள் ஒரு வீம்பு. இந்தப் பக்கத்தை லேப் படிக்கும் பிள்ளைகளும், என்னோடு வேலை பார்த்தவர்களும் படிக்கிறார்கள். அதனால் எந்த மருத்துவமனை, வார்டில் யார் இருந்தார்கள் என்று எழுதப்போவதில்லை. அவன் பெயரையும் எழுதவில்லை. நமக்குள் போதும்.

டியூப் உடையவில்லை அக்கா. என் கையிலிருந்து எதுவும் விழவில்லை.

இரவு ஒன்றே முக்கால் இருக்கும். லேபில் நான் ஒருவன்தான். எப்போதும் அவனுக்கு நான்தான் இரத்தம் எடுப்பேன். "மாமா எடுத்தா வலிக்காது" என்று கையை நீட்டுவானே. அன்று மெஷினை விட்டு நகர முடியவில்லை. வார்டிலிருந்தே எடுத்து அனுப்பியிருந்தார்கள். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தபோது மேலே நிற்கும் சீரம் வடித்த நெய் மாதிரி இளமஞ்சளாக இருக்க வேண்டும். மாதுளம்பழச் சாற்றில் தண்ணீர் கலந்தது போலச் சிவந்து நின்றது.

இது தினமும் நடப்பதுதான். குழந்தைகளின் நரம்பு நூல் மாதிரி. மெல்லிய ஊசியில் இழுத்து, சிரிஞ்சை அழுத்தி டியூபுக்குள் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். வேகமாகக் குலுக்கினாலும் உடையும். எங்களுக்குள் 'லைஸ் ஆயிடுச்சு' என்போம். உடைந்தால் என்ன கெடுதல் என்றால், பொட்டாசியம் குடியிருப்பதே செல்லுக்குள்தான். வெளியே 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது, உள்ளே அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். கொஞ்சம் செல் உடைந்தாலும் சீரத்தில் அளவு பொய்யாக ஏறிவிடும். அந்தப் பொய்யை நம்பி மருந்து கொடுத்தால் நோயாளிக்கு ஆபத்து. அதனால் உடைந்த சாம்பிளில் பொட்டாசியம் சொல்லக்கூடாது, மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். அதைத்தான் செய்தேன். இன்டர்காமில் வார்டுக்குச் சொன்னேன். மெஷின் காட்டிய 7.2-ஐச் சொல்லவில்லை.

பத்து நிமிடத்தில் நீ போன் செய்தாய். "எதுக்குடா பிள்ளைய மறுபடி குத்துறாங்க?" பின்னால் அவன் சிணுங்குவது கேட்டது. உனக்குப் புரியட்டும் என்று 'லைஸ்' என்ற சொல்லை விட்டுவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, சாம்பிள் ஒடஞ்சு போச்சு" என்றேன். நீ கண்ணாடி டியூப் உடைந்ததாக நினைத்துக்கொண்டாய். பந்தலில் நீ சொன்னபோதுதான் எனக்கே அது தெரிந்தது. அப்போது எழுந்து நின்று ஹீமோலிசிஸ் பற்றி விளக்கச் சொல்கிறாயா? பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளிடம்?

இவ்வளவுதான் என்றால் இந்தக் கடிதமே வேண்டாம். நீ தப்பாகப் புரிந்துகொண்டாய், நான் விதிப்படி நடந்தேன் என்று முடித்துவிடலாம். பல வருடம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதே சாம்பிளில் மெஷின் கால்சியமும் போட்டிருந்தது. 6.1. டியூபுக்குள் சிவப்பணு உடைந்தால் கால்சியம் அப்படி விழாது. அதைப் பார்த்தேன். பார்த்ததும் இன்னொரு காரணம் தேடினேன். ஊதா மூடி டியூபில் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு உப்பு இருக்கும், அதிலும் பொட்டாசியம்தான். அந்த இரத்தம் இதில் கலந்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். ஊதாவை முதலில் நிரப்பிவிட்டார்கள் போல என்று முடிவுகட்டினேன். அடுத்த வரியில் யூரிக் அமிலம் 13.8, மிக அதிகம். அதற்கு உடைந்த சிவப்பணுவும் காரணமில்லை, ஊதா மூடியும் காரணமில்லை. நான் அந்த வரிக்குப் போகவே இல்லை அக்கா. 'ரிஜெக்ட்' அழுத்திவிட்டேன்.

ஏன் என்று உனக்குச் சொல்லவேண்டும். வேறு யார் பெயர் லேபிளில் இருந்திருந்தாலும் கடைசி வரி வரை படித்திருப்பேன். அவன் பெயர் இருந்தது. எனக்கு அந்த 7.2 வேண்டாம். உடைந்தது டியூபுக்குள்ளாக இருக்க வேண்டும், அவனுக்குள் இருக்கக் கூடாது. ஒரு காரணம் கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன், அது போதாமல் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டேன்.

மருந்து பிடிக்காமல் போய்விட்டான் என்று மச்சான் இன்னும் நினைக்கிறார். அவரிடம் இதை நீதான் சொல்லவேண்டும். மருந்து வேலை செய்தது. அவன் வயிற்றில் இருந்தது பர்க்கிட் லிம்போமா என்ற புற்றுநோய். ஓரிரு நாளில் இரட்டிப்பாகும் கட்டி அது, மனிதருக்கு வரும் கட்டிகளில் மிக வேகமாக வளர்பவற்றில் ஒன்று. அவ்வளவு வேகமாக வளர்வது மருந்து பட்டதும் அவ்வளவு வேகமாகவே உடைகிறது. கோடிக்கணக்கான செல்கள் ஒரே இரவில். அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் இரத்தத்தில் கொட்டுகிறது. உட்கருவில் இருந்தது யூரிக் அமிலமாகிறது. பாஸ்பரஸ் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு படிகமாகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது, வெளியே போகும் வழியும் மூடிக்கொள்கிறது. அதற்காகத்தான் முதலில் குறைந்த மருந்து, அதற்காகத்தான் இரவு பகலாக டிரிப்ஸ், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை, மூத்திரத்தை அளக்கச் சொன்னது. அத்தனையும் செய்தார்கள். சிலருக்கு அதையும் மீறி வருகிறது.

இரண்டாவது சாம்பிள் தெளிந்த மஞ்சளாக வந்தது. அவ்வளவு சுத்தமான சீரத்தைப் பார்த்து நான் அதுவரை பயந்ததில்லை. 7.9. படியேறி ஓடினேன். அதற்குள் இசிஜியில் இதயத்தின் அலைகள் மாறியிருந்தன. அதன்பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

நடுவில் போனது 50 நிமிடம். 7.2-ஐ உடனே சொல்லியிருந்தால் கால்சியம் ஊசியும் இன்சுலினும் 50 நிமிடம் முன்னால் போயிருக்கும், டயாலிசிஸுக்கு ஆள் கூப்பிட்டிருப்பார்கள். "ஐசியூவில் இரத்த வாயு பார்க்கும் ஏபிஜி மெஷினில் இரண்டு நிமிடத்தில் போட்டுப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிழைத்திருப்பானா? பெரிய டாக்டர் ஒருவர், சிறுநீரகம் அதற்கு முன்பே நின்றுவிட்டது, பெரிய மாற்றம் இருந்திருக்காது என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் திரும்ப வேலைக்குப் போனேன். அவர் எனக்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

மன்னித்துவிடு அக்கா.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நேரம் போச்சு, நேரம் போச்சு என்று என்னை மட்டும் சொன்னாயே. வயிறு ஒரு பக்கம் கல் மாதிரி இருக்கிறது என்று நீ சொன்ன அன்றே ஸ்கேன் எடு என்றேன். குடலேற்றம் என்று எண்ணெய் போட்டுத் தட்டிக்கொண்டு மூன்று வாரம். ஓரிரு நாளில் இரட்டிப்பாகும் கட்டிக்கு மூன்று வாரம். 50 நிமிடத்தை நீ ஊர் முழுக்கச் சொன்னாய், அந்த மூன்று வாரத்தை நான் ஒரு ஆளிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். அழிக்கலாமா என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் அம்மாவும் அவள் அம்மாவும் நமக்குச் செய்ததைத்தான் நீயும் செய்தாய், எனக்குத் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளையின் வயிற்றுவலிக்கு யார் புற்றுநோய் என்று நினைப்பார்கள்? தெரிந்தும் வலிக்கிறது.

இப்போதும் அதே வேலைதான், வேறு ஊரில். சிவந்த சாம்பிள் வந்தால் கடைசி வரி வரை படிக்கிறேன். "லைஸ் ஆயிருக்கு, ஆனா நம்பர் இது, இசிஜி பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மறுசாம்பிள் கேட்கிறேன். யூரிக் அமிலத்தைக் கரைக்கும் ராஸ்புரிகேஸ் ஊசி போட்ட பிள்ளைகளின் இரத்தம் ஐஸில் வரவேண்டும். இல்லையென்றால் டியூபுக்குள்ளேயே அந்த மருந்து வேலையைத் தொடர்ந்து, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டிவிடும். ஐஸ் டப்பா வந்தால் நானே வாங்கி நானே போடுகிறேன். மற்றவர்கள் ஏன் என்று கேட்பதில்லை.

அவனுக்குக் காது குத்தும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பித்தான் தெறித்து ஆசாரி தட்டில் விழுந்தது, நினைவிருக்கிறதா? நீ அழுதுகொண்டே சிரித்தாய்.

அன்றிரவு நிராகரித்த சாம்பிளுக்கு ரிப்போர்ட் அச்சாகவில்லை. விடிந்தபின் மெஷினிலிருந்து அந்த எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். முதல்நாள் இரவு பஸ்ஸில் கிளம்புகிறேன், சீர்த்தட்டு அம்மா வாங்கி வைத்துவிட்டாளாம். தாள் என் பையில் இருக்கும். மச்சானுக்குக் காட்டவேண்டும் என்றால் கேள், தருகிறேன். என் மடி வேண்டாம் என்று தோன்றினால் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. சீரைக் கொடுத்துவிட்டுப் பந்தலில் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் தம்பி