அணை மட்டத்தைப் பார்த்து எஞ்சினைப் பாருங்கள்

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) போட்ட படகு வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

பண்ணவாடிப் பக்கமிருந்து எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். எஞ்சின் நின்ற பிறகு கழற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, அணை மட்டம் இறங்கும்போதே ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

கடலோரத்துக்காரருக்கு உப்புதான் எதிரி. நமக்கு வண்டல். 120 அடி நிறைந்திருக்கும்போது எந்த எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். டெல்டாவுக்குத் தண்ணீர் போய் மட்டம் நன்றாக இறங்கி, பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும் நேரத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியும்: இடிந்த சுவர், மரக்கட்டை, போன வருடம் அடிநிலத்தில் சோளம் போட்டவர்கள் விட்டுப்போன முளைக்குச்சி. புரொப்பல்லர் அடிபட்டால் சத்தம் கேட்கும், ஷியர் பின்னை (அடிபட்டால் தான் முறிந்து கியரைக் காக்கும் சிறு ஊசி) மாற்றிவிடுவோம். சத்தமில்லாமல் கெடுவதுதான் தொல்லை.

அதில் முதலாவது நரம்பு வலை, அதாவது நைலான் இழை மீன்வலை. அறுந்த இழை புரொப்பல்லருக்குப் பின்னால் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை (கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) அரித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கியர் பெட்டியின் கீழ் ஸ்குரூவைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பேரிங்கும் கியரும் துருப்பிடிக்கும். சீல் மாற்றுவது ஒரு செலவு, கியர் செட் மாற்றுவது பல மடங்கு செலவு. புது ஆயிலைக் கீழ் ஓட்டையிலிருந்துதான் ஏற்ற வேண்டும். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் முதலில் மேல் ஸ்குரூ, அப்புறம்தான் கீழ் ஸ்குரூ. மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நின்றுகொள்ளும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள், அதில் என்ன சிக்கனம்?

இரண்டாவது இம்பெல்லர், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பின் சக்கரம். ரப்பர் இறக்கை கலங்கல் தண்ணீரை இழுத்து இழுத்துத் தேயும். எஞ்சின் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். கரையில் வைத்து, 'ஸ்டார்ட் ஆகுதா பார்க்கலாம்' என்று தண்ணீரில்லாமல் முடுக்குவதை தயவுசெய்து விடுங்கள். சில நொடி உலர்ந்து சுற்றினாலே அந்த ரப்பர் கருகிவிடும். ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் இறக்கி ஓட்டினால் போதும், உள்ளே தங்கிய வண்டலும் வெளியே வரும்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் பைக் ஆயிலை ஊற்றுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படகு எஞ்சின் தண்ணீரால் குளிர்வது. அதற்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று எழுதிய ஆயில்தான். பொதுவாக லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்பார்கள், உங்கள் எஞ்சின் புத்தகம் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் அடியில் தண்ணீரும் அதுவும் தனியாகப் பிரிந்து, கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். படகை ஓரங்கட்டும் முன் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானே அணையும் வரை ஓட்டுங்கள். பிறகு நேராக நிறுத்தி வையுங்கள், சாய்த்தால் உள்ளிருக்கும் தண்ணீர் வடியாது.

துடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சின் வாங்கியதும் துடுப்பை வீட்டில் போட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். நடு ஆற்றில் காற்று அடித்தால் அவர்களுக்கு நம் பரிசல்காரர்தான் கதி. லைஃப் ஜாக்கெட்டும் அப்படித்தான், இருக்கைக்கு அடியில் கிடப்பதைப் போட்டதாகச் சொல்ல முடியாது.

ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் எப்போதும் போல் எல்லாரும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடுவோம். அவர் ஒருவர், நாம் பலர். அதற்குப் பதில் மட்டம் இறங்கியிருக்கும் சித்திரையிலேயே ஒரு ஞாயிறு காலை துறையில் கூடினால் என்ன? ஆயிலைப் பெரிய கேனாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். டிரம் நான் கொண்டுவருகிறேன். அவரவர் எஞ்சினுக்கான வாஷரும் ஷியர் பின்னும் அவரவர் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பண்ணவாடித் துறையில் படகு வைத்திருக்கும் ஒருவன்